கம்பி வைத்த விரலும் முதல் தோளும்

ஐயா, என் மனைவி தங்களிடம் சொல்லிவிட்டுப் போனதைக் கேளாதவன்போல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஆனால் கேட்டேன். "அண்ணாச்சி, நான் பந்தல்ல மோர் வாங்கிட்டு வந்துருதேன். இவுக எந்திரிச்சா கையப் புடிச்சு இருத்தி வையுங்க. காலுக்குள்ள கம்பி கெடக்கு." இதுதானே அவள் சொன்னது? தாங்களும் தலையாட்டிவிட்டீர்கள். வெளியூரிலிருந்து கருட சேவை பார்க்க வந்து, கிடைத்த நாற்காலியில் அமர்ந்த தங்கள்மேல் ஒரு காவல் வேலையைச் சுமத்திவிட்டாள். அதற்காக வருந்துகிறேன். ஆயினும் ஒன்றை முன்னதாகவே தெரிவித்துவிடுவது நேர்மை. வாகனம் இந்த மூலைக்கு வந்து நிற்கும்போது நான் எழுந்திருப்பேன். தாங்கள் என் கையைப் பிடித்தாலும் எழுந்திருப்பேன்.

அதோ, மேளம் கேட்கிறது. இப்போது தெற்குத் தெருவின் நடுவில் வந்துகொண்டிருக்கிறார்கள். இங்கே வந்து சேர்வதற்குள் என் தரப்பையும் கேட்டுவிடுங்கள். ஒருவர் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிப்பது முறையன்று.

என் பெயர் குழைக்காதன். இந்தக் கோயிலில் பெருமாளைத் தோளில் சுமப்பவர்களுள் நான் முதல் தோள். வாகனத்துக்கு அடியில் இரண்டு நீண்ட தண்டுகள் ஓடும். வலப்பக்கத் தண்டின் முன்நுனியில் நிற்பவன்தான் முதல் தோள். அவன் கால் எடுத்து வைத்தால்தான் மற்றவர்கள் எடுத்து வைப்பார்கள். அவன் எப்படி நடக்கிறானோ அப்படித்தான் பெருமாள் நடக்கிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பிற்பாடு கிளை நூலகத்தில் உட்கார்ந்து நானே படித்துக்கொண்டேன். இப்படிப் பேசுவதால் "ரேடியோ அண்ணாச்சி" என்று ஊரில் கேலி செய்வார்கள். செய்யட்டும். எழுத்துத்தான் எனக்குத் தாமதமாக வந்தது. நடை தாமதமாக வரவில்லை.

இங்கே ஒரு விதி உண்டு. அதைத் தாங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கருட சேவையன்று முதல் தோள்காரன் தண்டுக்குத் தோள் கொடுக்கவில்லையென்றால் அடுத்த ஆண்டிலிருந்து அவன் பின்தண்டுக்குப் போய்விட வேண்டும். நோய், இழவு, எந்தக் காரணமும் செல்லாது. ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை சுமந்தால் போதும். ஆனால் சுமக்க வேண்டும். எனக்கு முன்னால் முதல் தோளாக இருந்தவர் என் மாமனார். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கருட சேவையன்று காய்ச்சலில் படுத்துவிட்டார். விதியை எடுத்துச் சொன்னவன் நான்தான். அந்த இடம் எனக்கு வந்தது. அதன்பின் அவர் தண்டின் பக்கமே வரவில்லை, என் வீட்டுக்கும் வரவில்லை. வயதாக ஆக மனம் குறுகிவிடுகிறது. விதியை நான் உண்டாக்கவில்லையே, ஐயா.

இன்று என் இடத்தில் நின்று சுமந்து வருகிறானே வைத்தமாநிதி, அவன் அந்த மாமனாருடைய மகன். என் மைத்துனன். இப்போது விளங்குகிறதா?

இனி இந்த விரலைப் பற்றி. வலக்காலில் பெருவிரலுக்கு அடுத்த விரல். முதலில் நடுக்கணுவில் மடங்கிச் சுத்தியல்போல் நின்றது. பிறகு பெருவிரலின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. மடிப்பின் மேலே ஆணி விழுந்தது. அடியிலே, விரல்கள் தொடங்கும் மேட்டில், காய்ப்புக் கட்டியது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு கூழாங்கல்லை மிதிப்பதுபோல் இருக்கும். குனிந்து தட்டிவிடலாம் என்றால் கல் வெளியில் இல்லை, காலுக்குள் இருக்கிறது. மெத்தென்ற செருப்புப் போட்டால் ஒருவாறு தாங்கும். பெருமாளைச் சுமப்பவன் செருப்புப் போடலாமா? நான் யாரிடமும் சொல்லவில்லை, முகத்திலும் காட்டவில்லை. என் காலில் நோவு உண்டென்று எங்கள் குழுவில் ஒருவனுக்கும் தெரியாது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

சரியாக அந்தச் சமயத்தில்தான் அவர்கள் சீர்கெடத் தொடங்கினார்கள்.

எங்கள் நடை முன்பு எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு முழு அடி வைத்து, ஒரு கணம் அந்தக் காலிலேயே நின்று, பிறகு அடுத்த அடி. சிங்கம் வருவதுபோல் இருக்கும். நாலு வருஷத்துக்கு முன்பு அது குறுகிவிட்டது. முழு அடி வைக்க வேண்டிய இடத்தில் அரை அடி வைத்தார்கள். நிற்க வேண்டிய கணத்தில் நிற்பதே இல்லை. நான் முன்னே நீட்டி வைக்க முயன்றால் பின்னாலிருந்து தண்டு என்னை இழுத்துப் பிடிக்கும். தெருவுக்குத் தெரு முட்டுக்கம்புகளை ஊன்றி, வாகனத்தை அவற்றின்மேல் நிறுத்தி ஓய்வெடுத்தார்கள். "ஏலே, பெருமாள் புறப்பாடா, நத்தை ஊர்வலமா?" என்று கத்துவேன். வைத்தமாநிதி பல்லைக் காட்டுவான். "மூச்சு வாங்குது அத்தான். எங்களுக்கும் வயசாகுதுல்லா?" என்பான். நாற்பது வயதுக்காரனுக்கு மூச்சு வாங்குகிறதாம்!

அதைவிடப் பெரிய அவமதிப்பு ஒன்று. ஒரே தண்டைச் சுமப்பவர்கள் உயரத்தில் ஒத்திருக்க வேண்டும். அதுதான் எங்கள் வேலையில் முதல் பாடம். உயரமானவன் நின்றால் பாரமெல்லாம் அவன்மேல் இறங்கிவிடும். பக்கத்தில் இருப்பவன் தோள் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். அப்படியிருக்க, என்னைக் கேளாமலே எனக்கு நேர் பின்னால் தெய்வநாயகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன் ஒரு பனைமரம். "இவனை ஏண்டா இங்கே போட்டீர்கள்?" என்று கேட்டேன். "பின்னால எடம் இல்ல அத்தான்" என்றான் வைத்தமாநிதி. இடமா இல்லை? இன்று பாரத்தைப் பிடுங்கிக்கொள்பவன் நாளை பெயரையும் பிடுங்குவான் என்று அன்றைக்கே நான் கணித்தேன். பண்டிகைக்குப் பண்டிகை மைத்துனன் என்னிடம் வந்து, "கால் எப்படி இருக்கு?" என்று விசாரிப்பான். நோவு என்று ஒருவனுக்கும் தெரியாதபோது எதற்கு இந்த விசாரணை? இடத்தின்மேல் கண். வேறென்ன?

தாங்கள் சிரிக்கிறீர்களா? இல்லையா? சரி.

போன ஆடியில் ஒரு சிறு புறப்பாட்டின்போது கோபுர வாசலில் நான் சறுக்கிவிட்டேன். தண்டு ஆடியது. பெருமாள் ஆடினார். பின்னால் தெய்வநாயகம் ஒரு கையால் தண்டையும் மறுகையால் என் இடுப்பையும் பிடித்து நிறுத்திவிட்டான். ஒருவனும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வரமங்கை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"வலிக்கலன்னு ஊரெல்லாம் சொல்லுங்க. விரலப் புடிச்சுக்கிட்டு முனங்குறது எனக்கில்லா கேக்குது. நாளைக்கு நீங்க விழுந்தா உங்களோட போகுமா? பின்னால வாற பத்துப் பேரு மேலயும் வாகனம் விழும். பொறவு எந்த மொகத்த வச்சுக்கிட்டு நான் இந்தத் தெருவுல நடப்பேன்?"

பாளையங்கோட்டையில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார்கள். வைத்தமாநிதியும் உடன் வந்தான். அழையாமலே வந்தான். டாக்டர் எப்சிபா என்று ஓர் இளம்பெண். என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, மடங்கிய விரலை நிமிர்த்திப் பார்த்தாள். அது நிமிரவில்லை.

"தரையப் புடிச்சுப் புடிச்சே நடந்திருக்கீங்க, தாத்தா. விரல் புடிச்ச புடிய விடமாட்டேங்குது."

"விடக்கூடாது என்பதற்காகத்தான் பிடித்தேன்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டுச் சிகிச்சையை விளக்கினாள். விரலின் கணுவில் சிறிது எலும்பை எடுத்துவிட்டு நிமிர்த்துவார்களாம். நிமிர்ந்த விரல் மறுபடியும் மடங்காமல், நுனியிலிருந்து உள்ளே ஒரு கம்பியை ஓட்டிவிடுவார்களாம். அடிமேட்டு நோவுக்குக் காரணம் வேறு. அந்த விரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் இருக்கும் நீள எலும்பு பாரத்தை ஒற்றையாக வாங்குகிறதாம். "அதையும் வெட்டி, நாலு மில்லிமீட்டர் குட்டையாக்கி, சின்னதா ஒரு திருகாணி வச்சிருவோம்" என்றாள்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மாடிப்படியில் மைத்துனன் ஓடிவந்து பிடித்தான். "என்ன அத்தான், பயமா?"

"பயமா எனக்கு? நாலு மில்லிமீட்டர் குட்டையானால் என் தோள் இறங்காதா? தோள் இறங்கினால் தண்டு சாயாதா? பெருமாளை ஆயுளுக்கும் சாய்த்தே சுமக்கவா?"

அவன் அந்தப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தான். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்கும்படி சிரித்தான். மறுபடியும் உள்ளே இழுத்துக்கொண்டு போனான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தன் பேனாவை மேசைமேல் படுக்க வைத்தாள். "இது நிக்குற எலும்பு இல்ல தாத்தா, படுத்திருக்குற எலும்பு. படுத்திருக்குறத வெட்டுனா ஒசரம் எப்படிக் குறையும்?" என்று கேட்டாள். நியாயமாகத்தான் பட்டது. எனினும் படித்தவர்கள் சமாதானம் சொல்வதில் வல்லவர்கள். ஆபரேஷனுக்குப் புறப்பட்ட அன்று காலையில், கதவு நிலையில் சாய்ந்து நின்று என் தோளுக்கு நேராகப் பென்சில் கோடு போடச் செய்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

மேளம் நெருங்கிவிட்டது, கேட்கிறதா? தெற்குத் தெரு முடியப் போகிறது. விரைவாகச் சொல்லிவிடுகிறேன்.

தை மாதம் ஆபரேஷன் என்று குறித்தார்கள். குறித்தபடி நடந்திருந்தால் இன்றைக்குக் கம்பியும் எடுத்து, புண்ணும் ஆறி, நான் தண்டின்கீழ் இருப்பேன். ஆனால் சர்க்கரை அதிகம் என்று தள்ளிப் போட்டார்கள். மறுபடியும் போனேன். மறுபடியும் அதிகம். வைத்தமாநிதி டாக்டரிடம் தனியாக ஏதோ பேசிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் கண்டேன். "அத்தான் தெனமும் கோயில் அக்காரவடிசில் சாப்புடுதாரு" என்று கோள் சொன்னானாம். பிரசாதத்தைச் சர்க்கரையில் சேர்க்கும் மூடத்தனத்தை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. நாள் தள்ளிப் போனதால் யாருக்கு லாபம்? தாங்களே யோசித்துப் பாருங்கள்.

இறுதியில் சித்திரைக் கடைசியில்தான் செய்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். கண் விழித்தபடிதான் படுத்திருந்தேன். குறுக்கே ஒரு பச்சைத் துணி. அந்தப் பக்கம் தச்சுப் பட்டறைபோல் ஒலி. அறுக்கிறார்கள், துளைக்கிறார்கள். அது என் கால் என்பதே எனக்குத் தோன்றவில்லை. துணிக்கு அப்பாலிருந்து அந்தப் பெண், "தாத்தா, உங்க பெருமாள் எத்தன கிலோ இருப்பாரு?" என்று கேட்டாள். "பெருமாளுக்கு எடை பார்க்கும் வழக்கமில்லை, அம்மா" என்றேன். "எலும்பு பாத்து வச்சிருக்கே" என்றாள்.

இப்போது பாருங்கள், விரல் நேராக நிற்கிறது. நுனியில் மணிபோல் தெரிவது கம்பி முனைக்கு மாட்டிய தொப்பி. இந்தச் செருப்பையும் பாருங்கள். குதிகாலுக்கு மட்டும்தான் தரை, முன்பாதி அந்தரத்தில் நிற்கும். கம்பியை எடுக்கும்வரை குதிகாலால் மட்டும் நடக்க வேண்டுமாம். முன்காலில் எடை இறங்கினால் கம்பி வளையும், எலும்பு விலகும், செய்ததெல்லாம் பாழ், மறுபடியும் கத்தி வைத்தாலும் இதுபோல் அமையாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பினாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறந்தவன் அல்லேன்.

நேற்று மைத்துனன் வீட்டுக்கு வந்தான். "இந்த வருஷம் நீங்க நாற்காலில உக்காந்து பாருங்க, அத்தான்."

"விதி?"

"விதிய நாங்க பாத்துக்கிடுதோம்."

கேட்டீர்களா? விதியை இவர்கள் பார்த்துக்கொள்வார்களாம்! அவனுடைய தகப்பனாருக்கு வளையாத விதி எனக்காக வளையுமா? இருபது ஆண்டுகள் காத்திருந்த ஒருவன், கையில் வந்த இடத்தை எனக்குத் திருப்பித் தருவானா? ஆகவேதான் சொல்கிறேன். இந்த மூலையில் முட்டுக்கம்பு ஊன்றித் தோள் மாற்றுவார்கள். அங்கேதான் நான் உள்ளே புக முடியும். இங்கிருந்து மேலத்தெரு மூலைவரைக்கும் சுமந்தால் போதும். விரல் போனால் போகட்டும். ஒற்றை விரல்தானே?

வந்துவிட்டார்கள்.

இருங்கள். இதென்ன நடை? ஐயா, அங்கே பாருங்கள், அவர்கள் கால்களைப் பாருங்கள்! முழு அடி. நிற்கிறார்கள். அடுத்த அடி. நிற்கிறார்கள். இதுதான், இதுதான் நான் சொன்னது! நாலு வருஷமாக நான் திட்டித் தீர்த்தது வீண்போகவில்லை. ஆனால் ஏன் இன்றைக்கு? நான் இல்லாத இன்றைக்கு ஏன்? என்னிடம் மறைத்து வைத்திருந்தார்களா? ஊர் பார்க்க என் முகத்தில் கரியைப் பூச வேண்டுமென்றே...

கையை விடுங்கள். இந்தச் செருப்புப் பட்டையைக் கழற்றிவிட்டேன், பாருங்கள். தாங்கள் நல்லவர், ஆனால் கையை விடுங்கள்.

*

மெதுவாக. மெதுவாக இருத்துங்கள். இல்லை, கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. குதிகாலால்தான் போனேன், குதிகாலால்தான் வந்தேன். துணியில் தெரிவது ஒரு துளி ரத்தம், அவ்வளவே.

மேளச் சத்தத்தில் அங்கே பேசியது எதுவும் தங்களுக்குக் கேட்டிருக்காது. சொல்கிறேன்.

நான் தெருவில் இறங்கினேன் அல்லவா? அந்தக் கணமே நடை குறுகிவிட்டது. தாங்கள் கவனித்தீர்களா? யாரும் உத்தரவிடவில்லை. வைத்தமாநிதி வாயைத் திறக்கவே இல்லை. என்னைக் கண்டதும் அத்தனை பேரும் ஒரே ஆள்போல் அரை அடிக்கு இறங்கிவிட்டார்கள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

முட்டுக்கம்புகளை ஊன்றினார்கள். நான் நேராகப் போய் என் இடத்தில் நின்றேன். வைத்தமாநிதி விலகிக் கொடுத்தான். எனக்கு அது எதிர்பாராதது. சண்டைக்கு ஆயத்தமாகப் போயிருந்தேன். அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "தோள மட்டும் வைங்க, அத்தான். முட்டு நிக்கட்டும். அதுவே போதும்னு எல்லார்கிட்டயும் பேசியாச்சு. ஒங்க எடம் ஒங்களுக்குத்தான்" என்றான்.

தோளை வைத்தேன். தண்டு என் தோளில் இருந்தது. பாரம் இல்லை. கம்புகள் சுமந்துகொண்டிருந்தன.

"முட்டுக்கம்பை எடு" என்றேன்.

"எடுக்க மாட்டோம்."

"எடுங்கடா!"

"எங்க அய்யா சத்தியமா எடுக்க மாட்டோம், அத்தான்" என்றான். அவன் தகப்பனாரின் பெயரைச் சொல்லி என்னிடம் பேசியது அதுவே முதல் முறை.

அப்போது பின்னாலிருந்து தெய்வநாயகம் குனிந்தான். அந்தப் பனைமரம் என் காதுவரை குனிந்தான். மெல்லத்தான் சொன்னான். திமிராகச் சொல்லியிருந்தால் ஓர் அறை கொடுத்திருப்பேன். கெஞ்சுவதுபோல் சொன்னான்.

"அண்ணாச்சி, நாலு வருசமா ஒங்க பாரத்தையும் சேத்துத்தான் சொமக்கேன். ஒரு நாளும் வாயத் தொறந்ததில்ல. இன்னைக்கு ஒரு நாளு பெருமாள மட்டும் சொமந்துக்கிடுதேனே."

நாயனக்காரர் ஒரே இடத்தை மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன். ஒருவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தோளை எடுத்தேன். வைத்தமாநிதியின் பிடரியைப் பிடித்து இழுத்து அந்த இடத்தில் நிறுத்தினேன். "அரையடி வச்சேன்னா பல்லத் தட்டிருவேம்ல" என்றேன். மன்னிக்க வேண்டும், அந்த நேரத்தில் அப்படித்தான் வாயில் வந்தது.

"அத்தான், அப்ப ஒங்க எடம்?" என்றான்.

"தூக்கு" என்றேன்.

தூக்கிவிட்டார்கள். இதோ, மேளம் நகர்கிறது. நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். திரும்ப வேண்டுமானால் முன்காலை ஊன்ற வேண்டிவரும், டாக்டர் கூடாதென்று சொல்லியிருக்கிறாள். ஆகையால் தாங்கள் பார்த்துச் சொல்லுங்கள். முழு அடிதானே வைக்கிறார்கள்? நன்றாகப் பாருங்கள். வைத்தமாநிதியின் வலக்காலைப் பாருங்கள். நீட்டி வைக்கிறானா? வைத்து நிற்கிறானா?

நிற்கிறானா. சரி.

ஐயா, ஓர் உதவி. அந்தச் செருப்பை எடுத்து என் காலில் மாட்டிவிடுங்கள். என்னால் குனிய முடியவில்லை. வலிக்கிறது.